நிறுத்தாமல் ஓட்டிய எட்டு கிலோமீட்டர்

வாசுகி கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு நாற்பது முடிந்து நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் பதினான்கு வருஷம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். குனிந்தே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் திரும்பவே முடியாமல் போன பிறகுதான் வேலையை விட்டாள்.

அவள் கணவர் ராஜ்மோகன் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனதில் தொடங்கி, நாக்பூர் வரைக்கும் போய் வந்தவர். ஊருக்குள் எந்த வண்டி மக்கர் செய்தாலும், சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயர். சர்க்கரை நோய் அவரைப் பத்து வருஷமாகத் தின்றது. ஒருநாள் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போனது. அத்தோடு லாரியும் போனது. "இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்குது, வுடு" என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஒரே மகள் வெண்பாவைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இருவர்தான்.

கார் வாங்கும் யோசனை வாசுகியுடையது. பணமும் அவளுடைய சீட்டுப் பணம். பெண்ணாடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு விருத்தாசலத்திலிருந்து தினமும் டீச்சர்கள் பஸ் மாறிப் போய் அவதிப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேரில் போய்ப் பேசினாள். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். பழைய டீசல் கார் ஒன்று வாங்கினாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் முறை எட்டுப் போடும்போது கம்பத்தை இடித்து, இரண்டாவது முறை லைசென்ஸ் எடுத்தாள். மூன்று வருஷமாகக் காலை எட்டு மணிக்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். சாயங்காலம் திரும்பப் போய் அழைத்து வருவாள். ஒருநாளும் தாமதம் இல்லை.

முன் சீட்டில் ராஜ்மோகன் உட்கார்ந்து வருவார். அந்த இடத்தில் இன்னொரு டீச்சரை ஏற்றினால் வருமானம் கூடும்தான். ஆனால் அவர் வருவேன் என்றார், அவளும் வரட்டும் என்று விட்டுவிட்டாள். "கியர மாத்து. தூரத்துல டிராக்டர் சத்தம் கேக்குது பாரு. இவ்ளோ சீக்கிரம் பிரேக்கா?" என்று வழி நெடுக ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். பின்னால் டீச்சர்கள் சிரிப்பார்கள். வாசுகிக்கு அது பழகிப்போயிருந்தது. ஓட்டுவது அவள் என்றாலும், வண்டியின் உள் விவகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "எல்லாம் ஃபுல்லா இருக்குது" என்று மூடுவார். வாசுகி கோலம் போட்டுக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்ட விளக்கு. ஒரு வளைவில் திரும்பும்போது மறுபடி எரிந்தது. இந்த முறை அணையவில்லை.

"என்னாங்க, செவப்பா ஒரு லைட்டு எரியுது."

ராஜ்மோகன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "அது சென்சார் கோளாறு. பழைய வண்டின்னா எரியும். நீ போ."

"போன மாசம் எரிஞ்சது மஞ்சளு. இது செவப்பு. வேற எடத்துல எரியுது."

"எல்லாம் அதேதான்டி."

"ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்திப் பாக்கட்டுமா?"

"இருபத்தாறு வருஷம் ஓட்டினவன் சொல்றேன். மூணு வருஷம் ஓட்டினவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? டீச்சருங்க மணி அடிக்கிறதுக்குள்ள போவணும். போ."

பின்னால் ஒரு டீச்சர் களுக்கென்று சிரித்தார். வாசுகியின் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூல் சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தார்கள். அது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் காலை எடுக்கவில்லை. டீச்சர்கள் முன்னால் அவரோடு வாக்குவாதம் வேண்டாம் என்று தோன்றியது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

எட்டு கிலோமீட்டர் அப்படியே போனார்கள். முதலில் தையல் மிஷின் ஓடுவதுபோல டிக்டிக்கென்று ஒரு சத்தம். ஜன்னலை ஏற்றினால் கேட்காத அளவுக்குத்தான். பிறகு அது கனத்தது. யாரோ உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல ஆனது. ராஜ்மோகன் பேச்சை நிறுத்திவிட்டார். சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை வாசுகி கண்டாள்.

"நிறுத்து. நிறுத்து நிறுத்து!"

அவள் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அடியில் 'கடக்' என்று ஒரு அதிர்வு. எஞ்சின் நின்றுபோனது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்து, புளியமரத்தடியில் மண்ணில் இறக்கினாள். டிராக்டர் உரசினாற்போலக் கடந்து போனது. கட்டு மீறி நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் தோகை கண்ணாடியில் சரசரவென்று தேய்த்துக்கொண்டு போன சத்தம் அவளுக்கு நெடுநாள் காதில் இருந்தது.

சாவியைத் திருப்பினாள். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானட்டின் இடுக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

டீச்சர்களில் இளையவர் மதிவதனி. அறிவியல் எடுப்பவர். அவர்தான் முதலில் இறங்கி, அவ்வழியே வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறும்போது வாசுகியின் கையைத் தொட்டு, "பயப்படாதீங்க அக்கா, நாங்க போய்க்கிறோம்" என்றார்.

மத்தியானம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டிலிருக்கும் பாண்டியன் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பாண்டியன் ஒரு காலத்தில் ராஜ்மோகனின் லாரியில் கிளீனராக இருந்தவன். இப்போது சொந்த ஷெட், கீழே நான்கு பேர். இன்றும் ராஜ்மோகன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவான்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். நுனியில் கருப்பாகப் பிசுக்கு மட்டும் ஒட்டியிருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினான். நாலு லிட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு டம்ளர் அளவு கறுப்புக் குழம்பு சொட்டியது. தட்டில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தான். அதில் பொடிப்பொடியாக மினுமினுவென்று இரும்பு.

"என்னா அண்ணே இது? சொட்டு ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க. போல்ட்டுல வாஷர் தேஞ்சு, சொட்டுச் சொட்டா ஒழுகியிருக்குது. இது ஒருநாள்ல ஒழுகினது இல்ல. ரெண்டு மாசம் ஆயிருக்கும். வாரா வாரம் குச்சி பாக்குற ஆளாச்சே நீங்க?"

ராஜ்மோகன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார். "நான் பாத்துக்கிட்டுதான்டா இருக்கேன். ஞாயித்துக்கிழமகூட ஃபுல்லா இருந்துச்சு. வழியில எங்கியோ கல்லு பட்டுருக்கும். லைட்டு எரிஞ்சிருக்குது, இவ நிறுத்தாம ஓட்டிட்டா. பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

வாசுகி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். காதில் விழுந்தது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. ஷெட்டில் வேலை செய்தவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

அவரும் வந்து சேர்ந்து, வீட்டில் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள். "நீங்க போன்னு சொல்லித்தான ஓட்டினேன்?"

"நான் சொன்னா? ஸ்டியரிங்கு யாரு கையில இருந்துச்சு? உனக்குன்னு கண்ணு இல்லையா?"

"எனக்குக் கண்ணு இருந்துச்சு. நிறுத்துறேன்னு சொன்னேன். மூணு டீச்சருங்களும் கேட்டாங்க."

"ஆமாம், மூணு சாட்சி வச்சு என்னை ஜெயில்ல போடு" என்று கத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாளில் சேதி எங்கும் பரவிவிட்டது. மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் கனகா வந்தாள். அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு ஒரு தூக்கில். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அப்பவே நான் சொன்னேன் அண்ணி, ஒரு ஆம்பள டிரைவரப் போடுங்கன்னு. அண்ணன் பக்கத்துல ஒக்காந்து ஒக்காந்து எத்தினி நாளு காப்பாத்துவாரு? இப்பப் பாருங்க, வண்டியே போச்சு."

ராஜ்மோகன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. வாசுகி அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று அடுப்படி வாசலிலேயே நின்றாள். அவர் தட்டில் முள்ளைத் தேடித் தடவி எடுத்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தார். கனகா போகும் வரைக்கும் அவர் பேசவில்லை.

அந்த வாரமே வாசுகி பழைய பீங்கான் கம்பெனிக்குப் போய் நின்றாள். மேஸ்திரி ஒன்றும் கேட்காமல் கத்தியையும் பலகையையும் எடுத்துக் கொடுத்தார். மறுபடி குனிந்து உட்கார்ந்தாள். முதல் நாளே பன்னிரண்டு சாமான் உடைந்தது. கையில் பழைய பதம் இல்லை. பிசிறைச் சீவும்போது அந்த எட்டு கிலோமீட்டர்தான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. அவர் மேல் வந்த ஆத்திரம் ஒரு பக்கம். தெரிந்தும் நிறுத்தாத தன் கால் மேல் வந்த ஆத்திரம் இன்னொரு பக்கம். புளியமரத்தடி மண் இல்லாமல் அந்த இடத்தில் பள்ளம் இருந்திருந்தால் என்றும் நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மதிவதனி போன் செய்தார். பேச்சு தயங்கித் தயங்கி வந்தது. அவர்கள் மூவரும் ஒரு வேனில் சேர்ந்துகொண்டார்களாம். "தப்பா நினைக்காதீங்க அக்கா. எத்தன நாள் ஆவும்னு தெரியல, அதான்."

"தப்பு என்னா டீச்சர் இருக்குது. நீங்க வேலைக்குப் போவணும்ல."

அத்தோடு வைத்துவிடுவார் என்று நினைத்தாள். மதிவதனி வைக்கவில்லை. "இன்னொண்ணு சொல்லட்டுமா? நான் நடுவுல ஒக்காந்திருந்தேன். எனக்கு நேரா தெரிஞ்சுது. லைட்டு எரிஞ்சது இடது ஓரத்துல. சாரு எட்டிப் பாத்தாரு இல்ல, அவரு பாத்தது அந்த எடத்தை இல்ல. வேற எங்கியோ பாத்துட்டு சென்சார்னு சொன்னாரு. எங்க அப்பாவுக்கும் சர்க்கரதான் அக்கா. கடைசி வரைக்கும் தெரியுது தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

வாசுகி போனை வைத்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பேப்பர் வாங்குவதை நிறுத்தியது. 'எல்லாம் அரசியலு, என்னாத்தப் படிக்கிறது' என்றார். டி.வி.யைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்பது. கடையில் மீதிச் சில்லறையை எண்ணாமல் அவள் கையில் கொடுப்பது. பொங்கல் அன்று டீ டம்ளருக்குப் பக்கத்தில், வெறும் மேடையில் டீயை ஊற்றிவிட்டு அவள் மேல் எரிந்து விழுந்தது. கருவாட்டு முள்ளைத் தடவி எடுத்தது. கோபக்காரர் ஆகிவிட்டார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சண்டைதான் வரும் என்று தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பாண்டியன் கூப்பிட்டு அனுப்பினான். எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். இருவரும் போனார்கள். தரையில் சாக்கை விரித்து, கழற்றிய பாகங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பாண்டியன் அரைவட்டமாக வளைந்த ஒரு சின்னத் தகட்டை எடுத்தான். சுழலும் தண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் பேரிங் அது. அதன் வழவழப்பில்தான் எஞ்சின் சுற்றுகிறது. ஆயில் இல்லாமல் போனால் முதலில் சாவது அதுதான்.

"பாருங்கண்ணே, எப்படி ஆயிருக்குதுன்னு" என்று ராஜ்மோகன் கையில் கொடுத்தான்.

ராஜ்மோகன் அதை வாங்கி, இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ஆமா. நல்லாக் கீறி வுட்டுருக்குது. தாமிரமே வெளிய தெரியுதே."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது தகட்டின் முதுகுப் பக்கம். அது புதுசு போல மழமழவென்று இருந்தது. ஒரு கீறலும் இல்லை.

பாண்டியன் ஏதோ சொல்ல வாய் திறந்து, வாசுகியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அவருக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் தொண்டை வரை வந்தன. இத்தனை பேர் முன்னால் அவர் அவளைக் குற்றம் சொன்ன அதே இடம் இது. இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் கிட்டே போய் அவர் கையிலிருந்த தகட்டைத் திருப்பினாள். அவர் கட்டைவிரலைப் பிடித்து உள்பக்கத்தில் வைத்தாள்.

"இந்தப் பக்கங்க" என்றாள் மெல்ல.

அவர் விரல் அந்தச் சொரசொரப்பில் ஒருமுறை ஓடியது. இன்னொரு முறை ஓடியது. பிறகு நின்றுவிட்டது. தகட்டைப் பாண்டியன் நீட்டிய கையில் வைக்கப் போனவர், கைக்கு ஒரு சாண் தள்ளி விட்டார். அது தரையில் விழுந்து துள்ளியது.

ஷெட்டுக்குப் பின்னால், பழைய டயர்கள் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். வாசுகி போய் எதிரில் நின்றாள்.

"எத்தன நாளா?"

அவர் ஒரு டயரின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். எத்தன நாளாத் தெரியல?"

"தீபாவளி முடிஞ்சதிலேர்ந்து." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "முன்னாடி பொகை மாதிரி இருந்துச்சு. அப்புறம் நடுவுல கறுப்பா ஒண்ணு வந்து நின்னுக்கிச்சு. ஓரத்துல தெரியும். நேராப் பாத்தா தெரியாது."

"அப்ப ஆயிலு?"

"குச்சிய வெரலால தொட்டுப் பாப்பேன். பிசுபிசுன்னு இருக்கும். இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

"நெனச்சுக்குவீங்க" என்றாள் வாசுகி. "பின்னாடி மூணு பேரு ஒக்காந்திருந்தாங்க. ஒவ்வொருத்திக்கும் வூட்டுல புள்ளைங்க இருக்குது. அந்த டிராக்டர் வந்து இடிச்சிருந்தா? தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல?"

"எப்படிச் சொல்றது? வண்டியப் பாத்துக்கிறதுதான் நான் செய்யுற ஒரே வேல. அதுவும் இல்லன்னா அந்த வூட்டுல நான் எதுக்கு?"

"அதுக்காக என் தலையில போட்டீங்களா? பாண்டியன்கிட்ட சொன்னீங்க, சரி. உங்க தங்கச்சி என் வூட்டுல ஒக்காந்துகிட்டு என்ன பேசுனா, சோத்தத் தின்னுகிட்டு இருந்தீங்களே."

ராஜ்மோகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணம் ஆன இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கிட்டே போய்த் தொட வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை நின்றுவிட்டு, "எழுந்திருங்க. திங்கக்கிழம பாண்டிச்சேரிக்குப் போறோம், கண்ணுக்கு" என்றாள்.

கிளம்பும்போது ராஜ்மோகன் தாமாகவே பாண்டியனிடம் நின்றார். "லைட்டு எரியுதுன்னு அவ சொன்னாடா. நிறுத்தட்டுமான்னும் கேட்டா. நான்தான் போன்னேன்." பாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வுடுங்கண்ணே" என்றான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் இளம் பெண். திரையில் படத்தைக் காட்டி, இடது கண்ணிலும் ரத்தக்குழாய் கசிந்து நடுப்பார்வையைத் தின்றிருக்கிறது என்றார். லேசர் வைக்கலாம், ஊசி போடலாம். மிச்சம் இருப்பதைப் பிடித்து நிறுத்தத்தான் முடியும். போனது வராது. "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது" என்றார்.

கையில் இருந்த பணத்தைக் கொண்டு எஞ்சினா கண்ணா என்ற கேள்வி வந்தபோது வாசுகி இரண்டு முறை யோசிக்கவில்லை. பாண்டியனிடம் போய், இப்போதைக்குக் காரை ஓரமாகத் தள்ளிப் போடச் சொன்னாள். தார்ப்பாயைப் போர்த்தி அது ஷெட்டில் நான்கு மாதம் கிடந்தது. அவள் பீங்கான் கம்பெனியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து வலிக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். மாதம் ஒருமுறை லீவு சொல்லிவிட்டு ஊசிக்கு அவரை அழைத்துப் போனாள். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு குறைந்தே இருந்தது. மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், சாப்பாடு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். மனது ஆறவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மறு நிமிஷம் ஷெட்டில் அவளைத் திரும்பிப் பார்த்த முகங்கள் நினைவுக்கு வரும்.

எஞ்சினைச் சரிசெய்வது ஆகாத காரியம் என்று பாண்டியன் சொல்லிவிட்டான். தண்டே கீறிப்போயிருந்தது. விபத்தில் பின்பக்கம் நசுங்கிய அதே மாதிரி வண்டி ஒன்று சேலத்தில் வந்ததும், அதன் எஞ்சினை வாங்கி வந்து மாட்டினான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது எஞ்சின் நம்பரைப் பதிந்து வாங்குவதற்குள் வாசுகியின் செருப்பு தேய்ந்தது. வண்டியை எடுக்கப் போன அன்று, பானட்டைத் திறந்து எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். குச்சியில் இரண்டு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடு ஆறின பிறகு பார்க்க வேண்டும். இவ்வளவுதானா என்று இருந்தது. மூன்று வருஷத்தில் ஒருநாள் அவள் எழுந்துபோய் எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் தனியாக ஓட்டிப் பார்த்தாள். கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் கண் சாலையைவிட விளக்குகளைத்தான் அதிகம் பார்த்தது. ஒரு சைக்கிள்காரர் மேல் ஏற்றப் போனாள், அவர் மயிரிழையில் தப்பினார். ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். பழையபடி ஓட்ட இரண்டு மாதம் பிடித்தது.

பழைய டீச்சர்களில் இருவர் வேனிலேயே தங்கிவிட்டார்கள். மதிவதனி மட்டும் திரும்பி வந்தார். நல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற ஒரு நர்ஸ் சேர்வதாகச் சொல்லிவிட்டு, வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்று பின்வாங்கினார். எஞ்சின் போன கதை அவர் காதுக்கும் போயிருந்தது. மதிவதனியும் புதிதாகச் சேர்ந்த ஒருவருமாக இப்போது காரில் இரண்டு பேர்தான் வருகிறார்கள். வருமானம் முன்போல இல்லை. ஆனாலும் பீங்கான் வேலையை விட்டுவிட்டாள்.

ராஜ்மோகனுக்கு இடது கண்ணில் ஓரப் பார்வை நிற்கிறது. தெரு முனை வரை தனியாகப் போய் வருவார். பாண்டியன் ஷெட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் போகிறார். பழைய லாரி வந்தால் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறார். அதில் பிசகு வருவதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில், கசிவு நின்றிருக்கிறது, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். திரும்பும் பஸ் வடலூரைத் தாண்டியது. ராஜ்மோகன் சொன்னார். "கனகாகிட்ட நான் இன்னும் சொல்லல."

"தெரியும்."

"அவ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

"அதுவும் தெரியும். தெருவுல என்னைப் பாத்தா இன்னிக்கும் அதான் பேசுறாங்க."

"வர்ற வெள்ளிக்கிழம மங்கலம்பேட்டைக்குப் போலாமா? நானே சொல்லிடுறேன்."

வாசுகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கார எடுத்துகிட்டுப் போலாம்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குச் சர்க்கரை ஏறிப் படுத்துவிட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கனகா வீட்டில் ஏதோ விசேஷம், ஆட்கள் நிறைய. இன்னும் போகவில்லை. வாசுகி நினைவுபடுத்தவும் இல்லை. போகலாம் என்று அவர் வாயிலிருந்து மறுபடி அதுவாக வர வேண்டும் என்று காத்திருக்கிறாள்.